நூற்றுப் பதினோராம் பக்கம்

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். மாத்தித் தரச் சொல்லி எழுதி நாலு வருஷமாச்சு. இதுல உக்காருங்க. டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

நீங்க ஸ்டாக் சரிபாக்க வந்தீங்க, மூணு நாளா அலமாரி அலமாரியாப் பாத்தீங்க. இந்தக் கிளை நூலகத்துல கரையான் உண்டா? கிடையாது. அட்டை கிழிஞ்ச புத்தகம் உண்டா? கிடையாது. எந்தப் புத்தகத்தையாவது பிரிச்சு ஒரு பென்சில் கோடு காட்டுங்க பாப்போம். காட்ட முடியாது. இருபத்திரண்டு வருஷமா தினமும் சாயங்காலம் திரும்பி வந்த புத்தகத்தையெல்லாம் மேசையில போட்டு, பக்கம் பக்கமாப் புரட்டி, ரப்பர் வெச்சு அழிச்சுட்டுத்தான் அலமாரியில ஏத்துவேன். யாரும் சொல்லலை. நானாச் செய்யறது. ஆளுக்கு ஆள் அடிக்கோடு போட்டுட்டுப் போனா அது நூலகமா? வீட்டு நோட்டா?

ஒரே ஒரு புத்தகம்தான் இல்ல. அந்தப் பச்சை அட்டை. அது எங்கேன்னு கேக்கறீங்க. ஒரு வரியில சொல்லிரலாம், ஆனா ஒரு வரியில சொன்னா தப்பு என் மேலன்னு ஆயிரும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க மேடம். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல இந்த நூலகர் கோமதிநாயகம் செஞ்ச தப்பு என்னன்னு.

அந்தப் புத்தகம் இங்க வந்து நாலு வருஷம் இருக்கும். ஒரு லேடி டாக்டர் எழுதினது. பொம்பளைங்க உடம்பைப் பத்தி. மாசாமாசம் வர்றது, நிக்கிறது, நிக்காம போறது, கட்டி, கர்ப்பப்பை, எல்லாம் பச்சையா எழுதியிருக்கும். படம் வேற. நான் அதை முறைப்படி மருத்துவ வரிசையில வெச்சேன். மருத்துவ வரிசை எங்க இருக்கு? அதோ, பேப்பர் படிக்கிற பெஞ்சுக்குப் பின்னாடி. வெச்ச மறுநாளே காணோம். தேடினா சமையல் வரிசையில இருக்கு. ஊறுகாய்க்கும் சிற்றுண்டிக்கும் நடுவுல. எடுத்து பழைய இடத்துல வெச்சேன். மறுநாள் மறுபடியும் ஊறுகாய் பக்கத்துல.

இந்தப் பொம்பளைங்க வேலை மேடம். பெஞ்சுல ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்களாம், அவங்க முன்னாடி அதை எடுக்க வெக்கமாம். அதனால சமையல் புத்தகம் பாக்கற மாதிரி நின்னு, அங்கேயே படிச்சு, அங்கேயே சொருகிட்டுப் போறது. வெக்கப்படுறவங்க எதுக்குப் படிக்கணும்? நான் விடலையே. எல்லாத்துக்கும் ஒரு எண் இருக்கு, அந்தந்த எண் அந்தந்த இடத்துல இருக்கணும். மூணு வருஷம், தினம் ஒரு தடவை, ஊறுகாயிலேருந்து மருத்துவத்துக்கு நான் அதைத் தூக்கிட்டு நடந்திருக்கேன். நடந்த தூரத்தைச் சேத்தா திருச்செந்தூர் போயிருக்கலாம்.

அப்புறம் ஒரு புகார் வந்தது. நம்ம வாசகர் வட்டத் தலைவர், ரிட்டயர்ட் சர்வேயர், ரொம்ப ஒழுக்கமான மனுஷன். "நூலகரே, நூத்திப் பன்னெண்டு, நூத்திப் பதிமூணாம் பக்கத்துல மார்புப் படம் போட்டிருக்கு. இளவட்டங்க பாத்தா என்ன ஆகும்?"ன்னு கேட்டாரு. பக்க எண்ணைப் புத்தகத்தைப் பாக்காமலே சொன்னாரு மேடம், அவ்வளவு அக்கறை. நான் என்ன செய்யணும்? கிழிக்க முடியாது, அரசாங்கச் சொத்து. அதனால எதிரெதிர்ப் பக்கம் ரெண்டுக்கும் பசை தடவி, ஒண்ணா ஒட்டி, மேல ரெண்டு டிக்‌ஷனரியைத் தூக்கி வெச்சு ஒரு ராத்திரி அழுத்தி விட்டுட்டேன். சுத்தமா ஒட்டிக்கிச்சு. பாத்தா ஒட்டினதே தெரியாது. நூத்திப் பதினொண்ணு முடிஞ்சா நேரா நூத்திப் பதினாலு.

ஆனா இந்தப் பொம்பளைங்க இருக்காங்களே, ஓரத்துல எழுத ஆரம்பிச்சாங்க. ஒருத்தி, "எனக்கும் இப்படித்தான், ஆறு மாசமா நிக்கல, கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க"ன்னு பென்சில்ல எழுதியிருப்பா. கீழ வேற கையெழுத்து: "அவசரப்படாதே. எனக்கும் அதான் சொன்னாங்க. இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டேன். மாத்திரையிலே நின்னுட்டு." அதுக்குக் கீழ மூணாவது கையெழுத்து: "எந்த டாக்டர்?" அதுக்கும் கீழ: "பெரியாஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை. பதினாலாம் நம்பர் ரூம். அந்தம்மா திட்டும். ஆனா கேட்டா பதில் சொல்லும்." பாருங்க மேடம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. தெருவுல எதிர்ல வந்தா சிரிக்கக்கூட மாட்டாங்க. புத்தகத்து ஓரத்துல உக்காந்து ஊர்க்கதை.

நான் அழிச்சேன். எழுத எழுத அழிச்சேன். அந்த ஒரு புத்தகத்துக்கே வருஷத்துக்கு நாலு ரப்பர். என் சொந்தக் காசு.

இப்ப என் வீட்டு விஷயத்துக்கு வரேன்.

என் சம்சாரம் சண்முகவடிவு. பத்தாவது வரைக்கும் படிச்சவ. வாய் திறந்து எதையும் கேக்க மாட்டா. அவளுக்கு நான் ஒரு குறையும் வெக்கலை. இங்க பெருக்கற அம்மா ரிட்டயர்டு ஆனதும் வேற ஆள் போடலை இல்லையா, எழுதி எழுதிப் பாத்தேன், பதில் இல்லை. அதனால வெள்ளிக்கிழமை வார விடுமுறையில சாவியை சண்முகவடிவுகிட்ட குடுத்துருவேன். வந்து பெருக்கி, துடைச்சு, அலமாரி எல்லாம் தூசி தட்டிட்டுப் போவா. அன்னிக்கு நான் வீட்ல கொஞ்சம் படுப்பேன். அவளுக்கும் ஒரு மாறுதல்தானே மேடம். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு நாலு புத்தகத்தைத் தொட்டுப் பாத்த மாதிரி இருக்கும்.

ரெண்டு வெள்ளிக்கிழமை சொன்னா, "இந்த இடது கையைத் தூக்கித் தூசி தட்ட ஒரு மாதிரி இருக்குங்க"ன்னு. நான் கவனிக்காம இல்லையே. "அப்போ வலது கையால தட்டு"ன்னு சொன்னேன்.

போன தை மாசம், ஒரு சனிக்கிழமை காலையில பாக்கறேன், பச்சை அட்டையில நூத்திப் பதினோராம் பக்கத்து ஓரத்துல புதுசா ஒண்ணு. "கட்டி இருக்கு. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாவிட்டால் பயமில்லைதானே?" அழிச்சேன். அடுத்த சனிக்கிழமை பாக்கறேன், அதே கேள்வி, அதே இடம். கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கு. அழிச்சேன். மூணாவது சனிக்கிழமை மறுபடியும். இந்தத் தடவை தாள்ல பள்ளம் விழற அளவுக்கு அழுத்தி. ரப்பர் போட்டுத் தேய்ச்சதுல தாளே நைஞ்சு போச்சு.

எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நான் பூட்டும்போது பக்கம் சுத்தமா இருக்கு. வெள்ளிக்கிழமை நூலகம் பூட்டியிருக்கு. சனிக்கிழமை காலையில எழுத்து இருக்கு. யாரு வந்திருப்பா? சன்னல் கம்பியெல்லாம் ஆட்டிப் பாத்தேன். ஓடு விலகியிருக்கான்னு ஏணி போட்டுப் பாத்தேன். கையெழுத்து வேற எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு. மளிகைச் சீட்டுல பாப்போமே, அந்த மாதிரி. பொம்பளைங்க எழுத்து எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும். கடைசியில சண்முகவடிவுகிட்டேயே சொன்னேன்: "நீ வெள்ளிக்கிழமை பெருக்கப் போறப்போ யாராவது உள்ள வந்து எழுதுறாங்களான்னு ஒரு கண்ணு வெச்சுக்கோ." என்னை ஏற இறங்கப் பாத்தா. "சரிங்க"ன்னு சொன்னா.

நாலாவது சனிக்கிழமை நான் கதவைத் திறந்து விளக்கு போடறதுக்குள்ள ஜெயக்கொடி வந்துட்டா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தையல் கடை வெச்சிருக்கா, ஜாக்கெட் தைக்கிறவ. வாய் கொஞ்சம் நீளம். நேரா சமையல் வரிசைக்குப் போனா. நான் எட்டிப் பாத்தேன். பச்சை அட்டையை விரிச்சு வெச்சுக்கிட்டு, காதுல சொருகியிருந்த பென்சிலை எடுக்கா. கையும் களவுமாப் பிடிச்சேன் மேடம். புத்தகத்தைப் பிடுங்கினேன். பாத்தா, அதே கேள்வி. இந்தத் தடவை பேனாவுல! நீல மையில!

"நீதானா அது? அரசாங்கப் புத்தகத்துல பேனாவா?"ன்னு கத்தினேன்.

"நான் எழுதல அண்ணாச்சி. போன வாரம் நீங்க அழிச்ச தடத்தைப் பாத்துட்டுப் பதில் எழுத வந்தவ. புத்தகத்தைக் குடுங்க."

"பதிலா? இது என்ன தபாலாபீஸா?"

"யாரோ ஒருத்தி கேட்டிருக்கா. இங்க பாருங்க, மூணு தடவை நீங்க அழிச்ச தடம் தெரியுது. அழிக்க அழிக்கக் கேட்டிருக்கா. கடைசியில பேனாவை எடுத்திருக்கான்னா அவளுக்கு எவ்வளவு பயம் இருக்கும்? வலி இல்லைன்னு சும்மா உக்காந்திருக்கா அண்ணாச்சி. வலி இல்லாத கட்டியைத்தான் உடனே காட்டணும். வலிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

"நீ என்ன டாக்டரா?"

"இந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க ஒட்டி வெச்சீங்களே, அந்தப் பக்கத்துல. நீங்க ஒட்டுறதுக்கு முந்தியே படிச்சவ நான். படிச்சதுனாலதான் இன்னைக்கு இங்க நின்னு உங்ககூடச் சண்டை போடுதேன்."

சொல்லிட்டு சேலை முந்தானையை இப்படி இழுத்து விட்டுக்கிட்டா. நான் அந்தப் பக்கம் பாக்கலை மேடம், நமக்கு எதுக்கு.

ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா. புத்தகத்தைச் சேதமானதுன்னு ஒதுக்கி இந்த பீரோவுல வெச்சுப் பூட்டினேன். "உனக்கு எதாவது சொல்லணும்னா வாசகர் யோசனைப் புத்தகம் இருக்கு, அதுல எழுது, மேலிடத்துக்கு அனுப்பறேன்"னு சொன்னேன். அவளும் விடலை. எழுதினா. இதோ பாருங்க, அவ கைப்பட: "கேட்டவளுக்கு: உடனே போ. செவ்வாய்க்கிழமை, பதினாலாம் நம்பர். நூலகருக்கு: நாசமாப் போக." ரெண்டாவது வரியை அடிச்சிருக்கேன், ஆனாலும் தெரியுது. யோசனைப் புத்தகத்தை யாரு பிரிக்கிறா? நாலு வருஷத்துல அவ எழுதினதுதான் முதல் யோசனை.

அன்னிக்கு மத்தியானம் வீட்ல சாப்பிட உக்காந்தேன். பேசறதுக்கு ஒரு விஷயம் கிடைச்சது இல்லையா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். "இந்தக் கூத்தைக் கேளு. எவளோ ஒருத்தி புளியங்கொட்டை அளவு கட்டின்னு எழுதுவாளாம், அதுக்கு ஒரு டெய்லர் பதில் எழுதுவாளாம். வலி இல்லாட்டித்தான் பயப்படணுமாம். உடனே ஓடணுமாம்."

குழம்பு ஊத்திக்கிட்டு இருந்தவ அப்படியே நின்னுட்டா. கரண்டியிலேருந்து குழம்பு என் கையில சொட்டுது, அவளுக்குத் தெரியலை.

"வேற என்ன சொன்னா?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமாம். செவ்வாய்க்கிழமையாம். நம்பர் வேற. பதினாலாம்."

"பதினாலா?"

"பதினாலுதான். ஏன்?"

"ஒண்ணுமில்லை. ரசம் ஊத்தட்டா?"ன்னு கேட்டா.

செவ்வாய்க்கிழமை காலையில தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினா. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா. நான் எப்பவும் அனுப்பிருவேன் மேடம், அந்த விஷயத்துல நான் தடை சொல்ற ஆள் இல்லை. அடுத்த செவ்வாயும் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை. மூணாவது செவ்வாய் ராத்திரி சாப்பாடு வெச்சுட்டு, எதிர்ல உக்காந்து, "எனக்கு மார்புல கட்டிங்க. ஊசி குத்தி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டாங்க. கேன்சர்தான். சீக்கிரமா வந்ததனால சரி பண்ணிரலாம்னு சொன்னாங்க"ன்னு சொல்றா. மளிகை தீந்துபோச்சுன்னு சொல்ற குரல்லயே சொல்றா.

பயந்துட்டேன் மேடம். பொய் சொல்லுவானேன். சோத்தை அள்ளின கை வாய்க்குப் போகலை. எனக்குச் சமைக்கத் தெரியாது, ரேஷன் கார்டு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. இருபத்தஞ்சு வருஷம் ஒரு ஆள் வீட்டுக்குள்ள இருந்துட்டு, திடீர்னு இல்லாமப் போயிருமோன்னு நினைச்சா... அந்த ராத்திரி நான் தூங்கலை. அவ தூங்கினா. அதான் எனக்கு ஆத்திரம்.

சரி, ஆனது ஆச்சு, இனிமே பொறுப்பை நாம எடுத்துக்கணும்னு முடிவு பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்ல ஒரு கூட்டம் போட்டோம். எங்க அக்கா வந்தா, அத்தான் வந்தாரு, என் பெரியப்பா மகன் வந்தான், அவனுக்கு மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கற ஒருத்தனைத் தெரியும். எல்லாருமா உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசினோம். சண்முகவடிவைக் கூப்பிடலை. அவளுக்குத்தான் உடம்பு சரியில்லையே, எதுக்குத் தொந்தரவு? காப்பி மட்டும் போட்டுக் குடுத்தா.

அக்காதான் முடிவாச் சொன்னா: "முழுசா எடுத்துரச் சொல்லு தம்பி. பிள்ளைங்க ரெண்டும் தலைக்கு மேல வளந்தாச்சு. இனிமே அது இருந்து என்ன ஆகப்போகுது?" எல்லாரும் தலையை ஆட்டினோம். தீர்மானம் நிறைவேறிச்சு. அதை நான் அடுக்களைக்குப் போய் அவகிட்ட முறைப்படி தெரிவிச்சேன். டம்ளர் கழுவிக்கிட்டு இருந்தா. "அக்காகிட்ட சொல்லுங்க, அவங்க உடம்புல எது வேணும்னாலும் எடுத்துக்கட்டும்"னு சொன்னா. என் வீட்ல, என் அடுக்களையில, என் அக்காவைப் பாத்து! சத்தமாக்கூடச் சொல்லலை. அக்கா காதுல விழலை, நல்லவேளை.

அடுத்த செவ்வாய் நானும் கூடப் போனேன். ஆம்பளைத் துணை இல்லாமப் போனா டாக்டர்கள் மதிக்க மாட்டாங்க இல்லையா. பதினாலாம் நம்பர் ரூம். பொம்பளைங்க நோய் எல்லாத்தையும் அங்கதான் பாப்பாங்களாம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு மேடம், என் மகளைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "நாங்க குடும்பத்தோட கலந்து பேசிட்டோம்"னு ஆரம்பிச்சேன். அந்தம்மா என்னைப் பாக்கவே இல்லை. "சண்முகவடிவு, கேள்வி கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு கேக்குது.

இவ பையிலேருந்து ஒரு நோட்டை எடுத்தா. பழைய டைரியோட பின்பக்கம். ஒம்பது கேள்வி எழுதியிருக்கா, நம்பர் போட்டு. முழுசா எடுத்தா என்ன, கட்டியை மட்டும் எடுத்துட்டு அப்புறம் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வெச்சா என்ன, ரெண்டுக்கும் உயிருக்கு வித்தியாசம் இருக்கா, எனக்கு எது சரியா வரும், எத்தனை வாரம் கரண்டு, கையைத் தூக்க முடியுமா, வீங்குமா. ஒவ்வொண்ணாக் கேக்கறா. பதிலை எழுதிக்கறா. எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டி, "சரிதானே டாக்டர்?"னு கேக்கறா. இருபத்தஞ்சு வருஷத்துல என்கிட்ட ஒம்பது கேள்வி கேட்டதில்லை மேடம் இவ.

ஏழாவது கேள்விக்கு நான் குறுக்க வந்து, "எல்லாத்தையும் எடுத்துருங்க டாக்டர், எங்க கையெழுத்து எங்கே போடணும்?"னு கேட்டேன். அப்பத்தான் அந்தம்மா என் பக்கம் திரும்பிச்சு. "உங்க உடம்பா சார்?"

"இல்லை, என் சம்சாரம்..."

"அப்போ அவங்க போடுவாங்க. உக்காருங்க."

திட்டும்னு புத்தகத்துல எழுதியிருந்தது சரிதான். நான்தான் அழிச்சிருந்தேன்.

இவளுக்குக் கட்டி சின்னதா இருந்ததால ரெண்டு வழியும் சரி வரும்னு சொல்லிச்சு அந்தம்மா. ரெண்டையும் வரைஞ்சு காட்டிச்சு. இவ யோசிச்சா. ஒரு நிமிஷம்தான். கட்டியை மட்டும் எடுங்க, கரண்டு வெச்சுக்கறேன்னு சொன்னா. கையெழுத்துப் போட்டா. நீல மை. எனக்கு அப்பத்தான் ஒரு மாதிரி இருந்தது மேடம். அந்தக் கடைசி "வு"வுக்குக் கீழ ஒரு சின்ன வால் விடுவா. மளிகைச் சீட்டுல விடற வால். நூத்திப் பதினோராம் பக்கத்துலயும் அந்த வால் இருந்தது.

அங்கேயே கேட்டிருப்பேன். பேசற இடமா அது?

கிளம்பும்போது அந்த டாக்டரம்மா கேட்டுது: "உங்க ஊர்லேருந்து வர்ற பொம்பளைங்க எல்லாருமே கேள்வியோடதான் வர்றாங்க. ஏதோ லைப்ரேரி புத்தகம்னு சொல்றாங்க. யாரு அங்க லைப்ரேரியன்?" நான் நிமிந்து நின்னு, "நான்தாம்மா"ன்னு சொன்னேன். "ரொம்ப நல்ல சேவை சார்"னு சொல்லிச்சு. சண்முகவடிவு என்னைத் திரும்பிப் பாத்தா. நீங்க ரிப்போர்ட் எழுதும்போது வேணும்னா இதை ஒரு வரி சேத்துக்கலாம் மேடம். ஒரு டாக்டரே பாராட்டினதுன்னு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அஞ்சு வாரம் கரண்டு வெச்சாங்க. தோலெல்லாம் கறுத்துப் போச்சு, சோர்ந்து சோர்ந்து படுத்தா, ஆனா ஒரு நாள்கூட விடலை. பஸ்ல தனியாவே போயிட்டு வந்தா. தனியான்னு சொல்ல முடியாது. ஜெயக்கொடி கூடப் போவா. எப்படிப் பழக்கம்னு கேட்டேன். "புத்தகத்துல பழக்கம்"னு சொன்னா.

நான் ஒரு நாள் கேட்டேன் மேடம். மனசுல வெச்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது? "ஏன் வடிவு, நான் இந்த வீட்ல ஒரு மனுஷன் இல்லையா? கட்டி இருக்குன்னு என்கிட்ட வாய் திறந்து கேட்டிருக்கலாம்ல? ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட புத்தகத்துல போய்க் கேப்பியா?" அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "நாலு தடவை கேட்டேன். நீங்கதானே படிச்சீங்க?"ன்னு சொன்னா. நான் படிச்சது நூலகரா. புருஷனாப் படிக்கலையே. அதை அவ புரிஞ்சுக்கணும் இல்லையா?

சரி, புத்தகத்துக்கு வரேன். நீங்க ஸ்டாக் பாக்க வரீங்கன்னு போன வாரம் தகவல் வந்தது. பீரோவைத் திறந்தேன். பச்சை அட்டை இல்லை. பூட்டு உடையலை. சாவிக்கொத்து என்கிட்ட ஒண்ணு, வெள்ளிக்கிழமைக்கு அவகிட்ட ஒண்ணு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, மாத்திரை வாங்கணும், டாக்டரைப் பாக்கணும்னு அவ போயிருந்தா. நானும் பஸ் பிடிச்சு நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

பதினாலாம் நம்பர் வாசல்ல பெஞ்சு. அதுல ஏழெட்டுப் பொம்பளைங்க நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க. நடுவுல சண்முகவடிவு, மடியில பச்சை அட்டை. ஒருத்தி சத்தமாப் படிக்கிறா. வெக்கம் கிக்கம் ஒண்ணும் இல்லை, வார்டு பாய் போறான் வர்றான், அவபாட்டுக்குப் படிக்கிறா. நான் போய் நின்னு, "அது அரசாங்கப் புத்தகம், குடு"ன்னு கையை நீட்டினேன். யாரும் எழுந்திரிக்கலை. சண்முகவடிவு மட்டும் நிமிந்து பாத்தா.

"முறைப்படி என் பேர்ல எடுத்திருக்கேங்க. வாசகர் சீட்டு போட்டு, தேதி முத்திரை குத்தி. இன்னும் நாலு நாள் இருக்கு."

பிரிச்சுக் காட்டினா. முத்திரை இருக்கு. நேரா, கோணாம, நான் குத்தறதைவிட சுத்தமாக் குத்தியிருக்கா. வெள்ளிக்கிழமை தூசி தட்டப் போறவ உறுப்பினராச் சேந்துட்டு வந்திருக்கா.

"சேதமான புத்தகத்தை இரவல் எடுக்க முடியாது"ன்னு சொன்னேன். விதிதானே மேடம்?

"சேதத்தை நான் சரி பண்ணிட்டேன்"னு சொல்லிட்டு நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைத் திறந்தா. நான் ஒட்டின பக்கம்! இட்லிக் கொப்பரை ஆவியில காட்டிக் காட்டிப் பிரிச்சிருக்கா. தாள் கொஞ்சம் அலை அலையா இருக்கு, ஓரத்துல பசைக்கறை. ஆனா ஒரு எழுத்துகூடக் கிழியலை. அந்தப் படமும் இருக்கு, கையை வெச்சு எப்படித் தடவிப் பாக்கணும்னு. பக்கத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கு, "வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்"னு. அதைத்தான் நான் டிக்‌ஷனரி வெச்சு அழுத்தியிருந்தேன்.

"பாத்து வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதனால புத்தகம் காணாமப் போகலை மேடம். வாசகர் கையில இருக்கு. அவ புதுப்பிப்பா. மறுபடியும் புதுப்பிப்பா. இன்னொருத்தி பேர்ல மாறும். அலமாரிக்கு அது திரும்பி வரும்னு எனக்குத் தோணலை. உங்க படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி "சேதம்"னு போட்டுக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

இன்னொண்ணு. ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்பறதுக்கு முன்னாடி அந்த நூத்திப் பதினோராம் பக்கத்தையும் பாத்தேன். அவ நீல மையில கேட்ட கேள்வி அப்படியே இருக்கு. அதுக்குக் கீழ அவளே பதிலும் எழுதியிருக்கா: "வலி இல்லாவிட்டாலும் உடனே போ. நான் போனேன், பிழைத்தேன். வீட்டில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்காதே."

வீட்டில் இருப்பவர்னா யாரு மேடம்? பொதுவாத்தானே எழுதியிருப்பா?

சொல்லுங்க. பொதுவாத்தானே?

நீங்க என்னத்துக்குச் சிரிக்கறீங்க? அழிச்சீங்களான்னா கேக்கறீங்க? உங்ககிட்ட மறைப்பானேன், சட்டைப் பையில ரப்பர் இருந்தது. எடுத்தேன். ஆனா அவ பேனாவுல எழுதியிருக்கா மேடம்.